காணி அவசரம்

ராகினிக்குச் சிங்களம் வராது. அவள் பிறந்தது அட்டன் பக்கம். அங்கே பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்கு மேல் சிங்களம் தேவைப்படவில்லை. கொடகவெலப் பக்கத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருடமாகியும், நாலு வார்த்தை கேட்டால் ரெண்டைப் பிடிப்பாள், மீதியைத் தானாகவே நிரப்பிக்கொள்வாள். வினையே அந்த மீதியில்தான் வந்தது.

முந்தின வருட மண்சரிவில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு போயிற்று. அன்றிலிருந்து புருசன் சுரேந்திரன் கொழும்பில் அரிசிக்கடையிலும், இவள் ரெண்டு பிள்ளைகளோடு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் சாக்குத் தடுப்புக்குப் பின்னாலுமாகக் காலம் ஓடியது. பிறகு தோட்டத்தில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி பிரித்துக் கொடுத்தார்கள். ஏழு பேர்ச் என்றால் என்ன பெரிசு, நாலு கோழி ஓடினால் முட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாருக்கும் ஒரு பிடி மண் சொந்தமாக இருந்ததில்லை. ராகினி ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டாள். மழைக்கு முன் தகரம் ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பு.

கீழ்க் காணி கருப்பாயியுடையது. ஐம்பது வயசு, மகன் விட்டுப் போனபின் தனிக்கட்டை, ஒரு காது மந்தம். போன மழையில் ராகினியின் மணல் குவியல் கரைந்து கருப்பாயி வாசலுக்குப் போய், அதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்லை.

அன்றைக்குப் பிரதேச சபை ஆள் மோட்டர் சைக்கிளில் வந்தார். முதலில் கீழே கருப்பாயியிடம் ஏதோ காகிதத்தை நீட்டிப் பேசினார். கருப்பாயி தலையாட்டிக்கொண்டு விரல் வைத்தாள். எல்லாவற்றையும் ராகினி மேலேயிருந்து பார்த்தாள். பிறகு அவர் மேலே வந்து, இஞ்சினை நிறுத்தாமலே "காணு அவசர" என்று சிங்களத்தில் என்னவோ சொல்லி, வியாழக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை சுவரில் கை வைக்கக் கூடாதாம்.

காணு என்றது காணிதானே? காணி அவசரம். சபைக்குக் காணி அவசரமாக வேண்டுமாம், பிடுங்கப் போகிறார்கள். கீழே இருப்பவள் புகார் எழுதி விரலும் வைத்துவிட்டாள். ராகினி தன் காணி விளிம்புக்கு ஓடினாள். விளிம்பில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். கருப்பாயி நல்ல காதை மேலே திருப்பிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அந்த நிற்பு ராகினிக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "மனுசி ஒழுங்கா இருந்திருந்தா பெத்த மகன் ஏன் ஒங்கள விட்டுட்டுப் போறான்?" என்று கேட்டுவிட்டாள். கருப்பாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆபீசில் ஸாஹிரா என்ற கிளார்க் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருந்தது, ராகினி செய்த புண்ணியம். காணியை யார் கேட்டார்கள் என்று அவள் சிரித்தாள். காணு என்றால் கான், தேயிலைக்குள் தண்ணீர் ஓட வெட்டுகிறார்களே அதேதான். அவசர என்றால் அனுமதி. சரிவு நடந்த மலையில் வீடு கட்டுகிறவர்கள், கூரைத் தண்ணீர் எந்த வழியாக ஓடைக்குப் போகும் என்று காட்டி அனுமதி எடுக்க வேண்டும். பிளானில் ஒரு நீலக்கோடு ராகினியின் சுவரிலிருந்து இறங்கி, கருப்பாயியின் வாசலைக் கடந்து ஓடைக்குப் போனது.

"கீழ்க் காணிக்காரங்க சம்மதம் வேணும். அதுதான் ஏற்கனவே வச்சிருக்காங்களே" என்று ஸாஹிரா மைபட்ட விரல் அடையாளத்தைக் காட்டினாள்.

அனுமதி அன்றைக்கே கையில் கிடைத்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ராகினிக்குக் கருப்பாயி நினைப்புத்தான். என்ன பேச்சுப் பேசிவிட்டாள். சண்டாளி, நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இறங்கியதும் நேரே கருப்பாயி வாசலுக்குப் போனாள்.

கருப்பாயி முறத்தைக் கீழே வைத்தாள். "காணி கெடைச்சிருச்சா புள்ள?"

ராகினிக்கு முதலில் விளங்கவில்லை. கருப்பாயியே சொன்னாள். "அந்த ஐயா காணி அவசரன்னாரு. ஒனக்குக் காணிய எழுதிக் குடுக்க அனுமதி கேக்குறாருன்னு சாட்சிக்கு வெரல் வச்சேன். சண்டை கெடக்கட்டும், ரெண்டு புள்ளைங்களோட நீ எங்க போவ?"

அப்படியானால் இவளுக்கும் அந்தச் சொல் தவறித்தான் விழுந்திருக்கிறது. வாசல் வழியாகத் தண்ணீர் வரப்போவது இந்த மனுசிக்குத் தெரியவே தெரியாது. அனுமதி ராகினியின் பைக்குள் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் அடுத்த வாரம் தகரம் ஏறிவிடும். பிள்ளைக்காம்பராச் சாக்கு ஒரு கணம் அவள் கண்ணில் ஆடிற்று.

"அது காணிக்கு இல்லீங்கக்கா" என்றாள். கருப்பாயிக்குக் கேட்கவில்லை. அக்கம்பக்கம் எட்டிப் பார்க்க, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கானுக்குங்கக்கா! எங்க வீட்டுத் தண்ணி ஒங்க வாசல் வழியா வரும். வேணாம்னா சொல்லுங்க, கடுதாசியத் திருப்பிக் குடுத்துர்றேன்."

கருப்பாயி வாசலைப் பார்த்தாள், மேலே நின்ற பாதிச் சுவரைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குப் போலக் கதவு சாத்தப்போகிறது என்றுதான் ராகினி நினைத்தாள்.

கருப்பாயி மண்வெட்டியோடு வந்தாள்.

"அன்னைக்கி நீ கத்துனது எதுவும் கேக்கல. எம் மவனப் பத்திச் சொன்னது மட்டும் கேட்டுச்சி" என்றாள். ராகினி அழுதுவிட்டாள். கருப்பாயி அதைக் கண்டுகொள்ளவில்லை. மண்வெட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"அடுப்படிப் பக்கம் வேணாம். வேலியோரமா வெட்டு."