மார்கழியில் வைத்த வோல்டேஜ்

கம்ப்யூட்டர் திரை மறுபடியும் நீலமாகி அணைந்தபோது மத்தியானம் மணி ஒன்று நாற்பது. கோதை மறுபடியும் சுவிட்சைப் போட்டாள்.

பச்சைமலையில் கட்டப்போகும் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று காட்டும் வீடியோ அது. கணவர் ஸ்ரீநிவாஸின் கடைசி வேலை. வரைய வேண்டியதையெல்லாம் வரைந்து வைத்துவிட்டுத்தான் மாசியில் கண்ணை மூடினார். கம்ப்யூட்டர் அதைப் படம் படமாக உருவாக்கித் தர வேண்டியதுதான் பாக்கி. இன்னும் நூறு படங்கள். ஐந்து மணிக்குள் போகாவிட்டால், ஆர்க்கிடெக்ட் அரவிந்தன் வேறொருவர் செய்ததைத்தான் கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்.

தில்லை நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சித்தார்த், ஸ்ரீநிவாஸின் சிநேகிதன், போனில் இருந்தான்.

"பிராசசருக்கு வோல்டேஜ் பத்தலை அண்ணி. 1.30-ஐ 1.36 ஆக்குங்க."

"வெடிச்சுடாதே?"

"வெடிச்சா புதுசு என் கடையிலயே வாங்கிக்கோங்க."

மாற்றினாள். வெப்பம் எண்பது, தொண்ணூறு என்று ஏறி நூறைத் தொட்டது. ஒன்பதாவது நிமிடம் மறுபடியும் நீலம்.

கம்பெனி வைத்ததைவிட வேகமாகப் பிராசசரை ஓட்ட ஸ்ரீநிவாஸ் எண்கள் குறித்திருந்த டைரியைப் புரட்டினாள். 'வேகம் 5.0, வோல்டேஜ் 1.30. ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடியது. மார்கழி 19.'

மார்கழியா! விடியற்காலை நாலு மணிக்கே குளித்துவிட்டு, அந்த எண்கள் தாங்குமா என்ற சோதனையை ஓடவிட்டுத்தான் அவர் அவளோடு கோயிலுக்குக் கிளம்புவார். மாடி அறை அப்போது சில்லென்று கிடக்கும். இன்றைக்குச் சித்திரை வெயிலில் அதே அறையின் சுவரில் கை வைக்க முடியவில்லை.

"சித்தார்த், சூட்டுலதான் நின்னு போறது. வோல்டேஜை ஏத்தக் கூடாது. இறக்கணும்."

"வேகமும் குறைஞ்சிடுமே! கம்பெனி வச்ச வேகத்துலயே விட்டா அஞ்சரை ஆயிடும்."

"அவ்வளவு வேண்டாம். 4.7."

"அண்ணன் ரெண்டு மாசம் உக்காந்து புடிச்ச நம்பர் அண்ணி அது."

"தெரியும்டா. பக்கத்துல உட்கார்ந்து கொட்டாவி விட்டவளே நான்தான்."

1.20 வைத்தாள். அது பத்தாமல் மூன்றே நிமிடத்தில் திரை நீலமாகி விழுந்தது. 1.24 வைத்தாள். மணி இரண்டேகால். கணக்குப்படி நாலு ஐம்பத்தைந்துக்கு முடியும். இன்னொரு முறை விழுந்தால் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். படங்கள் முடிய முடிய அரவிந்தன் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. வெப்பம் தொண்ணூற்று இரண்டில் நின்றது. நாலு மணிக்குத் தொண்ணூற்று ஆறு. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. எழுந்தால் நின்றுவிடும் என்று ஒரு பயம். சித்தார்த்தும் போனை வைக்கவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்கு நூறாவது படம் போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சா அண்ணி?" என்றான் சித்தார்த். "ம்" என்றாள்.

சற்று நேரத்தில் அரவிந்தன் கூப்பிட்டார்.

"எல்லாம் கெடைச்சுதுங்க மேடம். கடைசியில ஸ்ரீநிவாஸ் சார் பேர் போட்டுடறேன்."

கணவர் வைத்த எண்ணை மாற்றிய கை இன்னும் விசைப்பலகை மேல்தான் இருந்தது.

"என் பேரையும் போடுங்கோ," என்றாள். "கோதை. அவர் பேருக்குக் கீழே."

"கண்டிப்பா. என்ன வேலைன்னு போடணும்?"

கோதை டைரியை மூடி வைத்தாள்.

"முடிச்சுக் கொடுத்ததுன்னு போடுங்கோ."