ஒற்றர் கண்டுபிடித்த பிழை

என் நாத்தனாருக்கு என்னைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். என்னைவிட அவருக்குக் காற்புள்ளிகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு பெரிய பதிப்பகம் அவருடைய நான்காவது புத்தகத்தில் ஒரே ஒரு காற்புள்ளியைத் தூக்கிவிட்டது என்பதற்காக, அச்சுக்குப் போக இருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். பதிப்பகத்தார் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அண்ணி, என் கணவரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், மசியவில்லை.

அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றினால் எழுத்தாளர். பெருநாட்களின் வழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம், மனிதர்கள் கடவுளை யோசித்த விதத்தைப் பற்றி ஒன்று, சரித்திரம் ஒன்று என்று மூன்றும் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன. நானும் என் கணவரும் வீட்டின் முன்னறையிலேயே பதிப்பகம் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்க, மூன்றையும் ஊரானுக்குக் கொடுத்தார். கேட்டால், "சொந்தக்காரங்ககிட்ட குடுத்தா மனசு விட்டுச் சண்டை போட முடியாதும்மா" என்பார். இவர் சண்டை போடாத நாள் எது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

காற்புள்ளி விவகாரத்துக்குப் பிறகு அந்த நான்காவது புத்தகம் எங்களிடம் வந்தது. பெயர் 'பெருநாள்'. கையெழுத்துப் பிரதியை மேஜையில் வைத்துவிட்டு அண்ணி சொன்னது ஒன்றுதான்.

"ஒரு சொல் மாறினாலும் எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் கேக்கவே கூடாது."

நான் தலையாட்டினேன். அதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்துக்கிடந்தேன்.

அதை நானே உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற எனக்குப் பொறாமை போய் பிரமிப்பு வந்தது. எந்த மதத்துக்காரர் வீட்டிலும் கடவுளுக்கு முன்னால் துடைப்பம்தான் வருகிறது என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அரசர்கள் நாள்காட்டியை மாற்றினார்கள், அடுப்புகள் பழைய தேதியிலேயே எரிந்தன என்று இன்னோர் இடத்தில். கவிஞர்கள் பெருநாளைப் பாட உட்கார்ந்து, கடைசியில் வராத ஒருவரைப் பற்றியே பாடி முடிக்கிறார்கள் என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கழகமும் கல்லூரியும் செய்யாத வேலையை, வார்டு டியூட்டி முடித்து வீங்கிய காலோடு வந்து ஒருத்தி செய்திருக்கிறாள்.

கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு 'வெறுநாள்'. அது அண்ணியே உண்டாக்கிய சொல். ஊருக்குப் பெருநாளாக இருக்கும்போது சிலருக்கு அது வெறும் நாள். பஸ் ஓட்டுகிறவர், மின்நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர், துக்க வீட்டுக்காரர், நர்ஸ். அண்ணி ஒரு பெருநாளுக்கும் வீட்டில் இருந்ததில்லை. பிள்ளைகுட்டிக்காரிகள் போகட்டும் என்று அவர்கள் டியூட்டியைத் தான் வாங்கிக்கொள்வார். நாங்கள் வாழ்த்துச் சொன்னால்கூட, "சரி சரி, எனக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டுவார். பெருநாளைப் பற்றி உலகத்துக்கே எழுதியவருக்கு ஒரு வாழ்த்தை நின்று வாங்கிக்கொள்ளத் தெரியாது.

இங்கேதான் ஒற்றர் வருகிறார். ஒற்றர் என்றால் வேவு பார்ப்பவர் இல்லை. எங்கள் பிழை திருத்துபவர். க், ச், த், ப் என்று விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதால் நாங்கள் வைத்த பெயர். அவருக்கும் அந்தப் பெயரில் பெருமைதான்.

பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அச்சகத்திலிருந்து தாள்கள் வந்தன. விடுமுறை கழிந்ததும் புத்தகமாகக் கட்டும் வேலை. பெருநாள் காலையில் அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்க, ஆசையாகக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். தலைப்பு 'பெருநாள்' என்று இருந்தது. சரி, புத்தகத்தின் பெயரைத் தவறுதலாக மேலே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். 'ஊரெல்லாம் பெருநாள் என்கிறது. பஸ் ஓட்டுகிறவருக்கு அது பெருநாள்.' அத்தியாயம் முழுக்க ஒரு வெறுநாள்கூட மிச்சம் இல்லை.

ஒற்றருக்குப் போன் போட்டேன்.

"அதுவா? நர்ஸம்மா வெகரம் பெகரத்துலயும் தடுமாறிட்டாங்க, சின்ன ர பெரிய ற-விலயும் தடுமாறிட்டாங்க. ஒரு சொல்லுல ரெண்டு பிழை! கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்கு, அத்தனையும் மாத்திட்டேன்" என்றார். குரலில் பதக்கம் வாங்கப் போகிறவரின் மகிழ்ச்சி. விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டியது என் கணவரின் வேலை. அவர் பார்த்தாராம், நன்றாக இருந்ததாம்.

"அக்கா அச்சான பிறகு படிக்கவே மாட்டா. பேசாம விடேன்" என்றார்.

"உங்க அக்கா காற்புள்ளியை எண்ணிப் பார்க்கிறவங்க. நீங்க அடுப்பைப் பாருங்க" என்று தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். ஒளித்து வைத்து அந்தப் புத்தகத்தை விற்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணி எடுத்துக்கொண்டு போனால் போகட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. தெருவெல்லாம் கடை மூடிக் கிடந்தது. பஸ்ஸில் நானும் ஓட்டுநரும்தான்.

வார்டில் பாதிக் கட்டில் காலி. நடக்க முடிந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணி. புத்தகத்துக்குத்தான் உடம்பு சரியில்லை."

ஜன்னலோரம் நின்று படித்தார். முதல் பக்கத்திலேயே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. தப்பாக வந்த ஒவ்வொரு பெருநாளையும் அடித்து, ஓரத்தில் வெறுநாள் என்று எழுதிக்கொண்டே போனார். முகத்தை ஏறெடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இங்க நான் ஒரு பேரைப் பார்த்து இன்னொரு மருந்தைக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"சொல்லித்தானே குடுத்தேன்?"

"சொன்னீங்க."

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். புத்தகம் என்னை விட்டுப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அது ஒரு பீரோவுக்குள் போய் முடங்குமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசிப் பத்தியில் பேனா நின்றது. அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். 'ஒரு பெருநாள் காலையில், பல நாட்களாக வாய் திறக்காமல் கிடந்த ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனேன். எனக்கு அது வெறுநாள்.' அண்ணி எழுதியது அப்படி. கையில் இருந்த தாளில் இருந்ததை அவர் மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

"குடித்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனேன். எனக்கு அது பெருநாள்."

பேனா தாளைத் தொடவில்லை. மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையப் படித்தார்.

"அன்னிக்கு நான் அடுத்த கட்டிலுக்கா போனேன்? மருந்து ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். சந்தோஷம் தாங்காம அழுதேன்" என்றார். "எழுதும்போது வெறுநாள்னு முடிச்சா வாக்கியம் எடுப்பா நின்னுச்சு. விட்டுட்டேன்."

அண்ணி தன் வாக்கியம் ஒன்றைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

'அடுத்த கட்டிலுக்குப் போனேன்' என்பதை மட்டும் அடித்தார். கடைசிச் சொல்லைத் தொடவில்லை. தாள்களை ஒழுங்காகத் தட்டி என் கையில் கொடுத்தார்.

"சிவப்பு போட்டதையெல்லாம் மாத்தி, மறுபடி அச்சடிச்சுக்கோ. ஒற்றர்கிட்ட சொல்லு, அத்தனையும் அவர் பண்ணின பிழை. கடைசி ஒண்ணு மட்டும் அவர் கண்டுபிடிச்ச பிழை."

"அப்ப புத்தகம் எங்ககிட்டயே இருக்குமா அண்ணி?"

"வேற யாருகிட்ட போய் இப்படிச் சண்டை போடுவேன்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நேரம் போனால் மறுபடி மனசு மாறிவிடுமோ என்று அவசரமாகப் பையை மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னால் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.

"ஏம்மா, பெருநாளும் அதுவுமா வாழ்த்துச் சொல்லாமப் போறியே?" என்றார் அண்ணி.

திரும்பி வந்து சொன்னேன். நின்று வாங்கிக்கொண்டார்.