ஸ்டோர் ரூமுக்கு இரண்டு ஜன்னல்

"சதுர அடிக்கு இவ்வளவுன்னு பெருக்கினா கணக்கு முடிஞ்சுது. இதுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கறே!"

"அதுல வாசல் கேட்டு வராதுங்க. தண்ணித் தொட்டி வராது, கரண்ட் கனெக்‌ஷன் வராது."

"கேட்டெல்லாம் ஒரு செலவாம்மா?"

மூன்று மாதங்களுக்கு முன், சொந்த வீடு கட்டலாம் என்று பேச்செடுத்தபோது, கணவன் இப்படிக் கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அவன், மேஸ்திரி கொண்டுவந்த பட்டியலில் கேட்டுக்கு நேரே இருந்த தொகையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். கையிருப்பைவிட மொத்தம் ஐந்து லட்சம் அதிகம்.

"எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் தனியா வைங்க சார்," என்றார் மேஸ்திரி.

"எதிர்பாராதத எப்படிய்யா எதிர்பார்க்கறது?"

"வைக்கலைன்னா அது ஓடி வரும் சார். வச்சா, கொஞ்சம் யோசிச்சு வரும்."

கணவன் வீட்டு வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தான். வாசல் தூண்கள் இரண்டும் போயின. பால்கனி பறந்தது. அலங்காரக் கூரையை அடிக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டான்.

அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் 'ஸ்டோர் ரூம்' என்று அவள் எழுத வைத்திருந்தது உண்மையில் அப்பாவுக்கான அறை. அம்மா போனபிறகு அப்பா ஒரு வாடகை வீட்டின் மூன்றாவது மாடியில் தனியாக, முழங்கால் வலியோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவள் கேட்க நினைப்பாள். எட்டு வருடம் கூட்டுக் குடும்பத்தில் குளியலறைக்கு வரிசையில் நின்ற கணவனோ, "நம்ம வீட்ல நாம மட்டும்!" என்று குழந்தைபோல் சிரிப்பான். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

பேனா கீழே இறங்கியது.

"ஸ்டோர் ரூம் பத்துக்குப் பன்னெண்டா? மளிகைக் கடை வைக்கப் போறோமா?"

"சாமான் நிறைய சேருமேங்க."

"ரெண்டு ஜன்னல் எதுக்கு? அரிசி வேடிக்கை பார்க்குமா?"

"பாத்ரூமும் சேர்ந்தே இருக்கு சார்," என்று மேஸ்திரி எடுத்துக்கொடுத்தார்.

"வெங்காயம் குளிக்குமோ?"

"சுவத்துல கைப்பிடி வேற போடச் சொன்னாங்க சார். வழுக்கிடக் கூடாதாம்."

"யாரு, வெங்காயமா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அதைப் பார்த்த மேஸ்திரி, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டதாகச் சொல்லி, மழை தூறிக்கொண்டிருந்த தெருவுக்கு இறங்கிப் போனார்.

"இத எடுத்தா மூணு லட்சம் மிச்சம்," என்று கணவன் பேனாவை வைத்தான். அறையின் ஒரு மூலையில் சிவப்புக் கோடு தொடங்கியது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க. சமையல் மேடைக்குக் கிரானைட் வேணாம், சிமென்ட்டே போதும். என் நகைய வேணா எடுத்துக்கோங்க."

"ஒரு வெங்காயத்துக்கா இவ்வளவு பாடு?"

அவள் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள்.

"எங்க அப்பாவ நம்மகூட வச்சுக்கலாமாங்க?"