எல்லைப் பலகை வரைக்கும்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஒரு மாத இதழின் ஆசிரியர் கூப்பிட்டு, "முஸ்லிம்களோட சில புனித எடங்களுக்குள்ள மத்தவங்கள ஏன் விடறதில்லைன்னு எழுதித் தாங்க. நாலு பக்கம் போதும். யார் மனசும் புண்படக் கூடாது, அதுக்காகச் சப்புன்னும் இருக்கக் கூடாது" என்றார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார், நல்ல மனிதர்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பகலில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என்னோடு இருக்கும் என் அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். அக்காவுக்கு ஒரே மகள், நான் அவளுக்குச் சித்தி. அவள் ஒரு முஸ்லிம் பையனைக் காதலித்தாள், அவனுடைய மார்க்கத்தைப் படித்துப் பார்த்து அதற்கு மாறினாள், பிறகு அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். புருஷனோடும் மாமியாரோடும் மக்காவுக்குப் போனாள். போன இடத்தில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்துபோனாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த நகரத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. என் அக்காவும் போக முடியாது.

கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்ற தடுமாற்றம்.

2

முதல் தொடக்கம்: "எல்லா மதங்களிலும் எல்லாரும் நுழைய முடியாத ஓர் உள் அறை உண்டு. மனிதன் தான் மதிப்பதை மூடி வைக்கவே…"

(அடித்துவிட்டேன். பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய குரல் இது.)

இரண்டாவது தொடக்கம்: "நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பெரிய பலகை. முஸ்லிம்கள் நேராகப் போகலாம், மற்றவர்கள் பிரிந்து வேறு சாலையில் போக வேண்டும். அந்தப் பலகையின் கீழே ஒரு தாய் நின்றுகொண்டு…"

(எந்தத் தாயும் நிற்கவில்லை. மகள் இறந்த அன்றைக்கு அக்கா ஒரு குடல் ஆபரேஷனில் நின்றுகொண்டிருந்தாள்.)

மூன்றாவது தொடக்கம்: "அவன் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டான்."

இது எனக்கு ரொம்பவும் பிடித்த தொடக்கம். அக்கா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"அவன்னா யாரு?"

"உன் மருமகன்தான்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"அவன்கூட நான் பேசறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"கேக்காம எழுதாத. எடுத்துடு."

எடுக்கவில்லை. மேலே அப்படியே கிடக்கிறது பாருங்கள். கதாசிரியருக்கும் கொஞ்சம் பிடிவாதம் இருக்கலாம்.

3

[கட்டுரைப் பகுதி. ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கு.]

குர்ஆனில் ஒரு வசனம், இணைவைப்பவர்கள், அதாவது இறைவனோடு வேறொன்றையும் சேர்த்து வணங்குபவர்கள், மக்காவின் பெரிய பள்ளிவாசலை நெருங்கக் கூடாது என்கிறது. அந்தச் சொல் யார் யாரைக் குறிக்கும், தடை பள்ளிவாசலுக்கு மட்டுமா, அதைச் சுற்றியுள்ள ஊர் முழுவதற்குமா என்பதில் பழைய காலத்துச் சட்ட அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. சிலர் ஊருக்கே என்றார்கள். சிலர் சில நிபந்தனைகளோடு வந்து போகலாம் என்றார்கள். இன்று அந்த நாட்டு அரசு ஊர் முழுவதற்கும் என்று வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் முஸ்லிம்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வேட்டையாடக் கூடாது, தானாக முளைத்த செடியைப் பிடுங்கக் கூடாது, சண்டை போடக் கூடாது. அது சுற்றிப் பார்க்கும் ஊர் இல்லை, முழு ஊருமே தொழுகை இடம் என்பது அவர்களுடைய எண்ணம். உலகத்தில் இருக்கிற மற்றப் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவற்றுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். எங்கள் தெருவில் இருப்பதற்குள் நானே போயிருக்கிறேன், காலணியைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதுவரை சரி. இதற்குப் பிறகு ஒரு சாமர்த்தியம் செய்தேன். "ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டிப் பெற்ற தாயே வரக் கூடாது. அதை அவமானம் என்று யாராவது நினைக்கிறோமா?" என்று எழுதி, என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். வருஷக்கணக்காக அந்தக் கோட்டில் நின்று சொந்தக்காரர்களைத் தடுப்பதுதான் அக்காவின் வேலை. அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

"இது தப்பு," என்றாள்.

"என்ன தப்பு?"

"நான் தடுக்கறது கிருமிக்காக. வெளிய நிக்கற அம்மாவோட கையில கிருமி இருக்கு. அந்த ஊர்க்காரங்க என் கையில கிருமி இருக்குன்னா தடுக்கறாங்க? அது நம்பிக்கை. ரெண்டையும் முடிச்சுப் போடாத. படிக்கறவன் நம்பளைக் கிருமின்னு சொல்றாங்கன்னு எடுத்துக்குவான். அவங்களையும் அசிங்கப்படுத்தற, என்னையும் அசிங்கப்படுத்தற."

"அப்ப என்னதான் எழுதட்டும்?"

"இது எங்க எடம், நாங்க நம்பற மாதிரி நீயும் நம்பினா வா, இல்லைன்னா வேணாங்கறாங்க. அதை அப்படியே எழுது. புரியுது. வலிக்கவும் வலிக்குது. ரெண்டும் உண்மைதான்."

(கட்டுரையில் உருப்படியான பத்தி இது ஒன்றுதான். எழுதியது நான் இல்லை.)

4

அந்தத் தொலைபேசி அழைப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அக்காவை அழவைத்தேன், மயங்கி விழவைத்தேன். நடந்தது வேறு.

இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவில் கை கழுவிக்கொண்டிருந்தாள். உடை மாற்றும் அறையிலிருந்து இன்னொரு நர்ஸ் போனைக் கொண்டுவந்து காதில் பிடித்தாள். மருமகன் அழுதுகொண்டே சொன்னான். அக்கா முதலில் கேட்டது, "கண் பாவை ரெண்டும் விரிஞ்சிருந்துச்சா?" என்பதுதான். ஆமாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். மூளை செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.*

பிறகு அவன் கேட்டான். "மாமி, ஊருக்குக் கொண்டுவரலாம். ஆனா நாளாகும், பெட்டியில வச்சு அனுப்பணும். இங்கன்னா இன்னைக்கே தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிடலாம். இங்க உயிர் போய் மௌத்தானா பெரிய பாக்கியம்னு அவளே சொல்லுவா. நீங்க என்ன சொன்னாலும் சரி."

பிணவறை எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். "என் புள்ளைய ஐஸ் பெட்டியில போடாதப்பா. அங்கயே பண்ணிடு. நான் அப்புறமா வந்து பாத்துக்கறேன்," என்றாள்.

"சரி மாமி" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவன் பதிலே சொல்லவில்லை.

* அன்று மீதியிருந்த ஆபரேஷன்களுக்கு அவள் நிற்கவில்லை. நின்றாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். "நான் என்ன கல்லா?" என்றாள்.

5

அவன் ஊர் திரும்பி, எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா விடுப்புக்குச் சொல்லி வைத்திருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்துவிட்டாள்.

"எப்ப போலாம்?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாமி, உங்களால அங்க வர முடியாது."

"ஏன், முட்டி வலியா? மெதுவா நடப்பேன்."

இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். கத்தியது நான்தான். "அன்னைக்குப் போன்லயே சொல்றதுக்கு என்ன? சொல்லியிருந்தா எங்க புள்ளைய எங்ககிட்ட கொண்டுவந்திருப்போம் இல்ல?" என்றேன். அவன் அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"எங்க வீட்ல அதை யாரும் யாருக்கும் சொல்லித் தரதில்ல மாமி. தண்ணி பட்டா நனையும்னு சொல்லித் தருவாங்களா? அந்த மாதிரி. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். நீங்க வந்து பாத்துக்கறேன்னு சொன்னது அன்னைக்கு என் காதுல விழவே இல்ல."

அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை.

கதாபாத்திரமாகவும் அவன் எனக்கு ஒத்துழைக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே வேலை செய்வான் என்று மகள் பெருமையாகச் சொல்லுவாள். அவனை வில்லனாக்கிப் பார்த்தேன், பத்தியின் பாதியிலேயே அழுதுவிடுகிறான். நல்லவனாக்கினால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவனுக்கு நிஜமாகவே தெரியாது, தோன்றவில்லை, அவ்வளவுதான் என்று எழுத என் கை ஒப்பவில்லை. யாராவது ஒருவர் தப்புச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்.

6

சில மாதங்கள் கழித்து அவனும் அவனுடைய அம்மாவும் வந்தார்கள். சம்பந்தியம்மா எந்த நேரமும் தைத்துக்கொண்டே இருப்பவர். வாங்கிய உடைகளுக்கு அளவு சரிசெய்து கொடுப்பது அவருடைய தொழில். எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டுகூட அக்காவின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா நேராகவே கேட்டாள். "நான் கலிமா சொல்லி உங்க மார்க்கத்துக்கு வந்துட்டா என்னை உள்ள விடுவாங்களா?"

(இங்கே ஒரு பெரிய பத்தி எழுதியிருந்தேன். நம்பாமல் உறுதிமொழி சொல்லலாமா, ஒரு தாய்க்கு அந்த ஒரு பொய் மன்னிக்கப்படாதா, யார் மன்னிப்பது என்றெல்லாம். வெட்டிவிட்டேன். சம்பந்தியம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.)

"நம்பிச் சொன்னீங்கன்னா நானே உங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். உள்ள போறதுக்காகச் சொன்னீங்கன்னா வேணாம் சம்பந்தி, உங்க பொண்ணு நெசமா நம்பித்தான் சொன்னா, அது பக்கத்துல நீங்க பொய்யா ஒண்ணு வைக்காதீங்க."

அக்கா தலையாட்டினாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். சொன்னாலும் நீங்க கபர் கிட்ட, அவள அடக்கம் பண்ண எடத்துக்கிட்ட, போக முடியாது. அந்த ஊர்ல பொம்பளைங்கள அந்த எடத்துக்குள்ள விடறதில்ல. வேற ஊர்ல சில எடத்துல விடுவாங்க, அங்க விடல. நானே வெளியச் செவுத்துக்கிட்டதான் நின்னேன். இவன்தான் உள்ள போய் மண்ணு போட்டான்."

"நீங்களும் பாக்கலையா?" என்றாள் அக்கா.

"பாக்கல."

"இது தெரியாம, நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு நெனச்சு ஆறுதலா இருந்தேன்."

"அவளைக் குளிப்பாட்டினப்ப இருந்தேன். தலைமுடிய மூணாப் பிரிச்சுப் பின்னி விட்டது நான்தான்."

அக்கா அப்போதுதான் அழுதாள். மகள் போனதிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா ஊசியை ரவிக்கையிலேயே குத்தி வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டார். நான் சமையலறையை விட்டு வரவில்லை, ஏனென்றால் கூடத்தில் அவனும் இருந்தான்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: அக்கா போகவில்லை. தன் அறையில் மகளின் படத்தை மாட்டி, இதுதான் எனக்கு அந்த ஊர் என்கிறாள். (பொய். படத்தைப் பார்த்தாலே திரும்பிக்கொள்கிறாள்.)

இரண்டு: அவன் அடக்க இடத்தில் நின்று போனில் காட்டுகிறான். வரிசை வரிசையாகக் கற்கள், பெயர் எதுவும் இல்லை. எது என்று அவனுக்கே

(நிறுத்திவிட்டேன். அக்கா படிப்பாள்.)

மூன்று: அக்கா நெடுஞ்சாலைப் பலகை வரைக்கும் போய், அங்கே இறங்கி, நின்று, அழுகிறாள்.

நேற்று மூன்றையும் அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"அங்க வண்டிய நிறுத்த விடுவாங்களா?"

"தெரியாது."

"தெரியாம எழுதாத." காகிதத்தை மேசையில் வைத்தாள். "அவனும் சம்பந்தியும் அடுத்த மாசம் மறுபடி போறாங்க. விமானம் எறங்கற ஊருக்கு எல்லாரும் போலாமாம், என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறான். அங்கேருந்து கார்ல அந்தப் பலகை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் போய், பிரியற ரோட்ல திரும்பி, என்னை ரூம்ல விட்டுட்டு, அவன் உள்ள போயிட்டு வருவான்."

"போகப்போறியா?"

"அந்த ரூம்ல தனியா உக்காந்திருக்க என்னால முடியாதுடி. சம்பந்தியும் அவன்கூட உள்ள போயிடுவாங்க. நீ வந்தா போறேன். நீ வரலைன்னா போகல."

"அவன்கூட ஒரே கார்லயா?"

"ஒரே கார்லதான்."

என்னென்னவோ வாக்கியங்கள் வந்தன, எல்லாம் பாதியில் நின்றன. அவன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை விட்டால், எங்கள் பிள்ளை இறந்ததற்குக் கோபப்பட எனக்கு வேறு ஆள் இல்லை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவங்க கும்புடற எடத்துக்கு அவங்க ஒரு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. நீ எதுக்குடி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

ஆசிரியர் கேட்ட நாலு பக்கம் முடிந்துவிட்டது. முடிவு மட்டும் இல்லை, அது இப்போது என் பதிலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வருகிறேன் என்றால் ஒரு கதை, வரவில்லை என்றால் வேறு கதை. பக்கத்து அறையில் அக்கா காலை ஷிஃப்டுக்குச் சீருடையை இஸ்திரி போடுகிறாள். போட்டு முடித்துவிட்டு வருவாள், வந்தால் கேட்பாள். என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், அவள் வருவதற்குள் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களாவது சொல்லுங்கள்.