டேப்பின் நுனி

டேப் கழன்று வரவில்லை. ரெஹானா இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அத்தாவின் நடுவிரலைத் தேய்த்தாள். குளிப்பாட்ட வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். மய்யித்தாகிவிட்ட உடலின் தோலில் எல்லா இடமும் தண்ணீர் பட வேண்டும். ஒட்டுத்துணி இருந்தால் குளிப்பு சேராது.

பிள்ளைகளுக்குப் பந்தடித்துக் கொடுக்கக் காலையில் அவரே சுற்றிக்கொண்ட டேப். மைதானத்தில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழவே இல்லை.

அத்தா ராஜா முகம்மது ஒரு காலத்தில் மில் அணிக்கு வாலிபால் ஆடியவர். முட்டி போனதும் கோட்டயம் பக்கம் ஒரு கல்லூரிக்குச் சம்பளக் கோச்சாகப் போனார். உத்தமபாளையத்துக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது கொஞ்சம் மலையாளமும் நிறைய முன்கோபமும்தான். டேப்பைக் கிழித்தவர்கள் நுனியை மடித்து வைக்காவிட்டால் மலையாளத்தில் திட்டுவார். அடுத்து எடுப்பவர் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். பிள்ளைகளுக்குப் பாதி புரியும், மீதிக்குச் சிரிப்பார்கள். அவரிடமே ஆடி வளர்ந்த மகள் ரெஹானா இப்போது அவருக்கு உதவிக் கோச்.

டேப் கழன்றது. அடியில் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அதுவரை அழாதவள் அதைப் பார்த்து அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அத்தாவின் அணிக் கேப்டன் மாரீஸ்வரி நின்றிருந்தாள்.

"அக்கா, ஓடைப்பட்டில போட்டி நடத்துறவுக வருவீகளான்னு கேட்டாக. சாயங்காலம் ஃபைனலு. பெஞ்சுல கோச் இல்லாம எறங்க விட மாட்டாகளாம். வரலைன்னு சொல்லிரட்டா?"

ஜெயிக்கும் அணியிலிருந்துதான் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுப்பார்கள். மாரீஸ்வரிக்கு அது கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைகூடப் பார்த்தாயிற்று.

சின்னத்தா ஷரீப் முந்திக்கொண்டார். "சொல்லிரு ஆத்தா. மய்யித்து வீட்டுப் பிள்ளை பந்தாடப் போச்சுன்னா ஜமாத்துல என்ன பேசுவாக?"

கெட்ட மனிதரில்லை. அண்ணனுக்காக அழுது தொண்டை கட்டியிருந்தது.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் அம்மா சல்மா, புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். இனி கொழுந்தன் முன்னாலும் வர முடியாது. குரல் மட்டும் வந்தது.

"இத்தா எனக்குத்தான் தம்பி, அவளுக்கில்ல. உக்காந்திருக்க நான் இருக்கேன். அவ எந்திரிச்சுப் போகட்டும்."

ஷரீப் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அத்தாவை எடுக்குற வரைக்கும் இங்கனதான் இருப்பேன் சின்னத்தா," என்றாள் ரெஹானா. "அதுக்கப்புறம் அடக்கம் பண்ற கபர்ஸ்தானுக்கு என்னையக் கூட்டிட்டுப் போவீகளா?"

"பொம்பளைப் பிள்ளைய எப்படித்தா..."

"அப்ப நான் ஓடைப்பட்டிக்குப் போறேன்."

மதியத் தொழுகையான லுஹருக்கு, அத்தாவைக் கிடத்திய சந்தூக் பெட்டி கிளம்பியது. ஆண்கள் அதைத் தோளில் தாங்கிப் பள்ளிவாசல் பக்கம் திரும்பினார்கள். தெரு வெறிச்சோடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரெஹானா அத்தாவின் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற வேனில் ஏறினாள். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

முதல் செட் போனது. இரண்டாவதை இழுத்துப் பிடித்து ஜெயித்தார்கள். கடைசி செட்டின் நடுவில் மாரீஸ்வரி விரலைப் பிடித்தபடி பெஞ்சுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, டேப்பு!"

ரெஹானா பைக்குள் கைவிட்டு டேப்பை எடுத்தாள். நுனி மடித்தபடியே இருந்தது.

தேட வேண்டியிருக்கவில்லை. பிடித்து இழுத்து, மாரீஸ்வரியின் விரலைச் சுற்றி, பல்லால் கிழித்தாள்.

"ஓடு."

விசில் ஊதினார்கள். பந்து மேலே எழுந்தது. ரெஹானா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் டேப்பின் நுனியை மடித்தாள்.