கலர்ச்சட்டை நாள்

பிறந்தநாள் என்றால் சீருடை தேவையில்லை; கலர்ச்சட்டையோடு வரலாம். டொபி மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க் கொடுக்கலாம். துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஆள் யார் என்பதில்தான் முள்ளியவளைப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பே கிடந்து அடிபடும். பெரும்பாலும் யதுர்ஷிகாவைத்தான் கேட்பார்கள். அவளோடு ஒருமுறை கைகோத்துப் போய்வந்தவள் அந்தக் கிழமை ஐந்து நாளும் அவள் பக்கத்தில் இருக்கலாம்.

டக்சாயினியை யாரும் கேட்டதில்லை. கடற்கரைப் பக்கமிருந்து வந்து சேர்ந்து இரண்டு பள்ளித் தவணையாகியும் இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுவாள். அவளோடு யாரும் சண்டை பிடித்ததுமில்லை. சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை என்று அவளுக்கே இருந்தது. அவளுடைய பிறந்தநாளோ நத்தாருக்கு மறுநாள், கிறிஸ்மஸ் லீவுக்குள். அன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது?

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை, தாய் றோஸ்மேரி மீன் வாடிக்கு வேலைக்குப் போன பிறகு, கோயில் பெருநாளுக்குத் தைத்த சட்டையைப் புத்தகப்பைக்குள் மடித்து வைத்தாள். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டொபிப் பையையும் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடக் கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள்.

“உனக்குப் பிறந்தநாளோ? ஏனடி முதலே சொல்லேல்லை?” யதுர்ஷிகா ஓடிவந்தாள்.

“நீ என்னோட வாறியோ?”

“வராமல்!”

யதுர்ஷிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டக்சாயினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்கிறோமே என்று அப்போது துளியும் உறுத்தவில்லை. அதை மறைத்து என்ன?

நாலாம் வகுப்போடு திரும்பிவிடுவது அவள் திட்டம். யதுர்ஷிகாவா விடுவாள்? “உன்ர தம்பி ரெண்டாம் வகுப்பெல்லோ? அவனுக்குக் குடுக்காமல் போறதோ?” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிறோஜன் அக்காவைக் கண்டதும் துள்ளி எழும்பினான்.

“ரீச்சர், அக்காவுக்கு இண்டைக்குப் பிறந்தநாள் இல்லை! அது நத்தாருக்கு அடுத்த நாள்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிடித்திருந்த கை தளர்வது டக்சாயினிக்குத் தெரிந்தது.

ஜெகதீஸ்வரி ரீச்சர் அவளைப் பார்த்தார். “என்ன பிள்ளை, இண்டைக்குத்தானே?”

“ஓம் ரீச்சர். இவன் உப்பிடித்தான். வீட்டிலயும் பொய் சொல்லுறவன்.”

எப்படித்தான் அது வாயில் வந்ததோ. நிறோஜன் பொய் சொல்லத் தெரியாமலே வீட்டில் அடி வாங்குகிறவன்.

“அக்கான்ர பிறந்தநாளிலயோ பொய் சொல்லி விளையாடுறது? முன்னுக்கு வந்து நீயே பாட்டைத் தொடங்கு,” என்றார் ரீச்சர்.

அவன் முன்னுக்கு வந்தான். அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தான். அவள் டொபிப் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். பிறந்தநாள் பாட்டைத் தொடங்கியவன் இரண்டாவது வரியில் அழுதுவிட்டான். மிச்சத்தை வகுப்பே பாடி முடித்தது.

யதுர்ஷிகாவின் கை மறுபடியும் இறுக்கிப் பிடித்தது. டக்சாயினிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை விடுவிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் சீருடைக்கு மாறி, தம்பியைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பாதி வழி வரைக்கும் அவன் பின்னால் தள்ளியே வந்தான். பிறகு மெல்ல அவள் பக்கத்தில் வந்தான்.

“அக்கா, எனக்கு நாள் மாறிப்போச்சு. உன்ர பிறந்தநாளை மறந்துபோனன் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போடாத, என்ன?”

ரோட்டில் வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு இவன் வகுப்பில் போய்ச் சொல்லுவான். நாளைக்குத்தான் யதுர்ஷிகா தன் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லியிருக்கிறாள்.

“சொல்லமாட்டன்,” என்றாள்.

“நல்ல அக்கா,” என்றான் நிறோஜன்.