பிந்தி முளைத்த வரிசை

மக்காச்சோளம் முளைத்திருந்த அழகைப் பார்த்தால் அவள் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அவளே டிராக்டர் ஓட்டி விதைத்த வயல். ஒவ்வொரு விதையும் இரண்டு அங்குல ஆழத்தில், ஒரே ஈரத்தில் விழுந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே நாளில் தலைகாட்டியிருந்தது. நடுவில் ஒரு வரிசை மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது.

"ஸ்பிரிங் போயிருக்கும் அண்ணி," என்ற கொழுந்தன், விதைப்புக் கருவியைக் கழற்றிப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு! அந்த வரிசைக்கு விதை போடுற இந்தக் குழாய்க்கு உங்க மேல கோவம் போல."

ஒரு வாரம் கழித்து அந்த வரிசையும் முளைத்தது. அதற்குள் அக்கம்பக்கத்துப் பயிர்கள் மூன்று இலை விட்டிருந்தன.

"இனிமே இது பயிரில்ல, களை," என்றாள் அவள். "நிழல்ல நின்னு உரத்தைத் தின்னும். கதிர் வைக்காது."

மண்டியிட்டு மண்ணைத் தோண்டினாள். விதைகள் இரண்டு மடங்கு ஆழத்தில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பள்ளம், கட்டைவிரல் அளவுக்கு, இடப்பக்கம் சாய்ந்து.

போன குளிர்காலத்தில் இறந்துபோன அவள் கணவருக்குக் கட்டைவிரல் அப்படித்தான் கோணியிருக்கும். கருவி தவறவிட்ட இடத்திலெல்லாம் அவர் விதையை விரலால் அமுக்கிக்கொண்டே வருவார். 'புதைக்காதீங்க, மூச்சு முட்டும்' என்று அவள் கத்தாத வருடமில்லை.

கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. "எழுந்திரிங்க அண்ணி, வீட்டுக்குப் போலாம்."

அவள் போகவில்லை. அந்த வரிசை முழுவதையும் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தாள். மண்ணை நிரவிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலையில் அதே இடத்தில் புதிய பள்ளங்கள் ஈரமாக இருந்தன. தோண்டினால் உள்ளே விதை. வீட்டிலோ ஒரு விதைகூட மிச்சமில்லை.

"ஏங்க, போதும்," என்றாள் அவள். காற்று அசையவே இல்லை. ஆனால் அந்த வெற்று வரிசையின் இருபுறமும் இலைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரோ உரசிக்கொண்டு நடப்பதுபோல, வயலின் கடைசி வரை.

அறுவடையில் மற்ற வரிசைகளெல்லாம் கை கொள்ளாத கதிர். இரண்டாம் முறை அவள் பிடுங்காமல் விட்ட அந்த வரிசையில் மட்டும் குச்சி குச்சியாக மலட்டுத் தட்டைகள். அவற்றை அறுத்துப் போட்டபோது மாடுகள் மோந்து பார்த்துவிட்டு, கயிறு விறைக்கும்வரை பின்வாங்கின.

"வித்துத் தொலைச்சிடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன்.

"வயலை வித்துடலாம்ப்பா. அவரை எங்க அனுப்புறது?"

அடுத்த விதைப்புக்கு அவனே டிராக்டர் ஓட்டினான். அந்த இடம் வந்ததும், அவள் சொல்லாமலே, அந்த ஒரு வரிசையை விட்டுத் தள்ளித் திருப்பினான்.